ஐந்தைந்து பேராக ஒரு நகரம்

டோக்கியோவில் காலை ஆறு மணி என்றால் சென்னையில் இரவு இரண்டரை. மாணவர் குழுவை அங்கே கூட்டிப் போகிறவர் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இந்த மூன்றரை மணி நேரத்தை. இருபது வயதுப் பிள்ளைகளை இரவு பதினொன்றரைக்குப் படுக்கச் சொன்னால் படுக்க மாட்டார்கள். அவர்கள் உடம்புக்கு அது இரவு எட்டு மணி. ஒன்றிரண்டு நாள் அப்படித்தான் போகும். அதனால் முதல் முழு நாளில் பஸ்ஸில் உட்கார வைக்கும் நிகழ்ச்சியை நான் வைப்பதில்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள். எழுப்பி, முகம் கழுவிய கையோடு வெளியே நடக்க வைக்க வேண்டும்.

கல்லூரி மாணவர்களை வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போவது என் தொழில். டூர் மேனேஜர் என்பது விசிட்டிங் கார்டில் இருக்கும் பெயர். பிள்ளைகளுக்கு நான் அண்ணா. விசாத் தாள், அறைப் பட்டியல், யாருக்கு என்ன மாத்திரை, யார் முட்டைகூடத் தொடமாட்டார்கள் என்ற குறிப்பு, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு இரவில் அனுப்ப வேண்டிய படம் என்று இந்தத் தொழிலின் பெரும்பகுதி கணக்குப் பிள்ளை வேலைதான். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு நகரத்தை மாணவர்கள் கையில் எப்படிக் கொடுப்பது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதை விளக்க ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன்.

சிவில் இன்ஜினீயரிங் மூன்றாமாண்டு மாணவர்கள் நாற்பது பேர், இரண்டு பேராசிரியர்கள். மே மாதத்தின் பிற்பகுதி. அந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை ஜப்பானில் விடுமுறைகள் வரிசையாக வரும். ஊரே ரயிலில் இருக்கும், ஹோட்டல் வாடகை ஏறிப்போகும். ஜூனில் மழைக்காலம் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் இரண்டு மூன்று வாரம் நடப்பதற்கென்றே அமைந்த காலம்.

ஹோட்டல் அசாகுசாவில். ஆறே முக்காலுக்கு எல்லோரும் காமினாரிமோன் வாசலில், அந்தப் பெரிய சிவப்பு விளக்குக் கூண்டின் கீழ் நின்றோம். ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரம், 700 கிலோ எடை. வாயிலையும் விளக்கையும் 1960இல் காணிக்கையாகக் கொடுத்தவர் மட்சுஷிதா கோனோசுகே. பானசோனிக் நிறுவனத்தைத் தொடங்கியவர். வீட்டில் மிக்ஸியும் ஃபேனும் அந்தப் பெயரில் பார்த்த பிள்ளைகள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்கள். பகலில் நாகாமிசே கடைத்தெருவில் தோளோடு தோள் இடிக்கும். அந்நேரத்தில் கடைகளின் ஷட்டர் எல்லாம் மூடியிருக்க, அலுவலகம் போகிறவர்கள் கோயில் முன் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தார்கள்.

சிவில் மாணவர்களுக்கு சென்சோஜி கோயிலைக் காட்டும்போது புராணத்தில் தொடங்கினால் போதாது. பிரதான மண்டபம் 1945 மார்ச் 10 அன்று நடந்த விமானத் தாக்குதலில் எரிந்து போனது. இப்போது நிற்பது 1958இல் கான்கிரீட்டில் மறுபடி எழுப்பியது. 2010இல் கூரை ஓடுகளைக் கழற்றிவிட்டு டைட்டானியம் ஓடு போட்டார்கள். நிலநடுக்கத்தில் மண் ஓடு சரிந்து விழுந்தால் கீழே நிற்பவர்கள் கதி என்ன என்ற கவலை. தூரத்திலிருந்து பார்த்தால் பழைய ஓடு போலவேதான் தெரியும். அதே முற்றத்தில் ஒரு பக்கம் ஐந்தடுக்குப் பகோடா, வானத்தில் இன்னொரு பக்கம் 634 மீட்டர் ஸ்கைட்ரீ கோபுரம். பழைய மரப் பகோடாக்களின் நடுவே சட்டகத்தோடு இறுகாமல் தனித்து நிற்கும் தூண் ஒன்று உண்டு. 2012இல் திறந்த ஸ்கைட்ரீயின் நடுவிலும் 375 மீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட் தண்டு ஒன்று நிற்கிறது. மேல்பகுதியில் அதை இரும்புச் சட்டகத்தோடு இணைப்பவை எண்ணெய் நிரப்பிய அதிர்வு தாங்கிகள். பேராசிரியர் இதைச் சொல்லச் சொல்ல, தூக்கக் கண்ணோடு வந்தவர்கள் நோட்டை எடுத்தார்கள். மாணவர்களை எழுப்புவதற்குக் காபியைவிட அவர்கள் பாடத்தில் இருக்கும் ஒரு விஷயம் மேல்.

காலை உணவைப் பற்றி ஒரு பத்தி எழுதியாக வேண்டும். ஜப்பானில் சைவம் என்பது தட்டில் மீன் துண்டு கிடக்கிறதா இல்லையா என்று பார்த்து முடிகிற காரியமில்லை. சூப்பிலும் சாஸிலும் காய்கறிக் கூட்டிலும் தாஷி என்ற சாறு இருக்கும். பெரும்பாலும் உலர்ந்த சூரை மீன் சீவலைக் கொதிக்க வைத்து எடுத்தது. பார்வைக்குத் தெரியாது. ஹோட்டல் சமையல்காரரிடம் "மீன் வேண்டாம்" என்றால் மீனை எடுத்துவிட்டு சாறோடு கொடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால் "இறைச்சி, மீன், மீன் சாறு எதுவும் சேர்க்காதது வேண்டும்" என்று ஜப்பானிய மொழியில் அச்சடித்த அட்டை ஒவ்வொரு பிள்ளையிடமும் இருக்கும். மதிய உணவு அன்று காலையே ஹோட்டலுக்கு வந்துவிட்டது: நிஷி கசாய் பக்கத்திலிருந்து எலுமிச்சைச் சாதமும் புளியோதரையும். கெட்டுப் போகாத சாதம் வேண்டும் என்று ஒரு மாதத்துக்கு முன்பே பேசி வைத்திருந்தேன். 2000ஆம் ஆண்டையொட்டி வந்த கணினித் துறைக் குடும்பங்கள் குடியேறி, இன்று தமிழ்க் குரல் சாதாரணமாகக் காதில் விழும் பகுதி அது.

ஒன்பது மணிக்கு அசாகுசா நிலையத்தில்தான் நான் எல்லாக் குழுக்களுக்கும் காட்டும் காட்சி கிடைத்தது. ஜப்பானின் வேறு ஏதோ மாகாணத்திலிருந்து டோக்கியோவைப் பார்க்க வந்த நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள். சீருடை. ஐந்து ஐந்து பேராக, ஆறு ஆறு பேராக, கையில் சிறிய புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ரயில் வரைபடத்தின் முன் நின்று தமக்குள் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் எவரும் பக்கத்தில் இல்லை.

பள்ளிச் சுற்றுலா அந்த நாட்டில் பழைய வழக்கம். 1886இல் டோக்கியோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் சிபா பக்கம் நடந்தே போய் வந்த நெடும்பயணத்தை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். இன்று மே, ஜூன் மாதங்களில் டோக்கியோ, கியோட்டோ நிலையங்களில் இந்தச் சீருடைக் கூட்டம் நிறைந்திருக்கும். அவர்கள் ஒரு நாளையாவது 'ஹான்' என்ற சிறு அணிகளாகப் பிரிந்து சுற்றுவார்கள். அணிக்கு ஒரு தலைவர். நேரம் பார்க்க ஒருவர், வழி பார்க்க ஒருவர். எங்கே போவது, எந்த ரயில், எத்தனை மணிக்கு எங்கே ஆசிரியரைச் சந்திப்பது என்பதைப் பள்ளியிலேயே பல வாரம் உட்கார்ந்து தாங்களே திட்டமிட்டுப் புத்தகமாகக் கட்டியிருப்பார்கள். ஆசிரியர்கள் குறித்த இடங்களில் நின்று, வந்து போகும் அணிகளைப் பெயர் குறித்துக்கொள்வார்கள். பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள்!

முன்பொரு முறை இதை இதே அசாகுசாவில் கவனித்த பிறகுதான் நான் குழு நடத்தும் விதம் மாறியது. நம் ஊர்க் கல்விச் சுற்றுலா பெரும்பாலும் பஸ் ஜன்னலில் முடிந்துவிடுகிறது. நாற்பது பேரை ஏற்றுவது, இறக்குவது, எண்ணுவது, படம் எடுப்பது, ஏற்றுவது. ஆபத்து இல்லை என்பது உண்மை. ஆனால் ஊர் திரும்பிய மாணவரிடம் "நீ தங்கியிருந்த தெரு எந்த ரயில் நிலையத்துக்குப் பக்கம்?" என்று கேட்டால் தெரியாது. வழிகாட்டியின் முதுகைத்தான் அவர் பார்த்திருப்பார். நகரத்தைக் கட்டப் போகிறவர்களுக்கு, நகரத்தை மேலாண்மை செய்யப் போகிறவர்களுக்கு, இது போதும் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

எங்கள் நாற்பது பேரும் சென்னையிலேயே எட்டு அணியாகப் பிரிந்திருந்தார்கள். நட்பு வட்டத்தை வைத்துப் பிரிக்கவில்லை. ஒவ்வொரு அணியிலும் ஆண் பெண் இருவரும், விடுதி மாணவரும் வீட்டு மாணவரும், ஆங்கிலம் சரளமாக வருபவரும் பேசவே தயங்குபவரும் கலந்திருக்கும்படி பேராசிரியர்களும் நானும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். தலைவர், நேரம், வழி, பணம், உணவு என்று ஐவருக்கும் ஐந்து பொறுப்பு. அணிக்கு ஒரு பாக்கெட் வைஃபை. ஒவ்வொருவருக்கும் ரயில் அட்டை. கைப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஹோட்டல் முகவரி ஜப்பானிய எழுத்தில். அதைத் தெருமுனையில் இருக்கும் கோபான் என்ற காவல் சாவடியில் நீட்டினால் வழி சொல்லி அனுப்புவார்கள்.

எண்ணும் முறையையும் மாற்ற வேண்டியிருந்தது. நம் ஊரில் "ஒண்ணு, ரெண்டு" என்று வரிசையாகக் கத்திச் சொல்வோம். டோக்கியோ நடைமேடையில் அது முடியாது; அத்தனை பேர் நிற்கும் இடத்தில் அவ்வளவு அமைதி. எட்டுத் தலைவர்கள் தம் அணியை எண்ணி, ஐந்து விரலை விரித்துக் கையைத் தூக்குவார்கள். எட்டுக் கை தெரிந்தால் எல்லோரும் இருக்கிறார்கள். கதவு மூடி யாராவது நடைமேடையில் நின்றுவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும், அடுத்த ரயிலில் ஏறக் கூடாது. தவறி ஏறிவிட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். தொலைந்தவரும் தேடுபவரும் ஒரே நேரத்தில் நகர்ந்தால் சந்திக்கவே முடியாது. இந்த ஒரு விதியை விமான நிலையத்தில், ஹோட்டலில், ரயில் ஏறும் முன் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பேன்.

தோபு நிறுவனத்தின் அசாகுசா நிலையம் 1931இல் திறந்தது. கடைகள் இருக்கும் ஒரு பெரிய கட்டடத்தின் இரண்டாம் தளத்துக்குள் ரயில் வந்து நிற்கிறது. சுமிதா ஆற்றைத் தாண்டிய உடனே கட்டடத்துக்குள் நுழைய வேண்டியிருப்பதால் பாதை வெடுக்கென்று வளையும், நடைமேடையும் வளைவு. ரயிலுக்கும் மேடைக்கும் நடுவே விழும் இடைவெளியில் விரைவு வண்டிகளுக்கு ஊழியர்கள் பலகை போட்டு ஆளேற்றுவார்கள். பேராசிரியர் மேடம் அங்கேயே வளைவின் ஆரத்தைக் கணக்குப் போடச் சொன்னார். காலை நெரிசல் முழுவதும் நகருக்குள் வரும் திசையில். நாங்கள் வெளியே போகும் திசையில். பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, நாற்பது பேரும் நாலு பெட்டியில் பரவி உட்கார்ந்தார்கள்.

கசுகாபேயில் வண்டி மாற வேண்டும். பெயர்ப் பலகையைப் பார்த்ததும் பின்னால் ஒரு சலசலப்பு. "அண்ணா, இது ஷின்சான் ஊரு!" உண்மைதான். தொலைக்காட்சியில் தமிழ்க் குரலில் பேசிப் பேசி இவர்களை வளர்த்த அந்தக் கார்ட்டூன் குட்டிப் பையனின் வீடு கதைப்படி கசுகாபேயில்தான். ஒரு நிமிடத்துக்கு மூன்றாமாண்டு சிவில் மாணவர்கள் எல்லோரும் ஏழு வயதுக்குப் போய்விட்டார்கள். அதை அடக்க எனக்கு மனம் வரவில்லை. படம் எடுத்து முடித்த பிறகு அடுத்த வண்டி ஏறினோம்.

நாங்கள் பார்க்கப் போனது நகரத்தின் கீழே இருக்கும் வெள்ள வடிகால். டோக்கியோவுக்கு வடக்கே நாகா ஆற்றுப் படுகை ஒரு தட்டைப் போலக் குழிந்த தாழ்நிலம். சுற்றிலும் தோனே, எடோ, அராகாவா என்று பெரிய ஆறுகள். மழைத்தண்ணீர் உள்ளே வந்தால் வெளியேற வழியில்லாமல் நிற்கும். வயல்கள் வீடுகளாக மாறியபின் வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. இந்த வடிகாலை 1993இல் தோண்ட ஆரம்பித்து 2006இல் முடித்தார்கள். தரைக்கு ஏறத்தாழ 50 மீட்டர் கீழே 6.3 கிலோமீட்டர் நீளச் சுரங்கம். அதோடு ஐந்து செங்குத்துக் கிணறுகள், ஒவ்வொன்றும் சுமார் 70 மீட்டர் ஆழம், 30 மீட்டர் அகலம். சிறு ஆறுகள் கரை மீறும் போது தண்ணீர் கிணறுகளில் விழுந்து, சுரங்கம் வழியே ஓடி, கடைசியில் ஒரு பெருந்தொட்டிக்கு வரும். அங்கிருந்து விமான எஞ்சினை மாற்றியமைத்த டர்பைன்கள் நொடிக்கு 200 கன மீட்டர் வரை எடோ ஆற்றுக்கு இறைத்துத் தள்ளும்.

மினாமி சகுராய் நிலையத்தில் சொல்லி வைத்த பஸ் காத்திருந்தது. பார்வையாளர் குழுவில் ஜப்பானிய மொழி புரிகிற ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்பது அங்கே பாதுகாப்பு விதி. எங்களோடு ஜப்பானிய வழிகாட்டி அம்மையார் ஒருவர் வந்திருந்தார். மேலே பார்த்தால் ஒன்றுமே இல்லை. புல்வெளி, கால்பந்து மைதானம், ஓரத்தில் சின்னக் கான்கிரீட் அறை. கதவைத் திறந்தால் படிக்கட்டு. நூற்றுக்கு மேற்பட்ட படி இறங்க இறங்கக் குளிர் ஏறியது. கடைசிப் படியில் பேச்சு தானாக நின்றது.

அந்தப் பெருந்தொட்டியின் நீளம் 177 மீட்டர், அகலம் 78 மீட்டர். அந்த இருட்டில் 18 மீட்டர் உயரத்தில் வரிசை வரிசையாக 59 தூண்கள். ஒரு தூண் 500 டன். ஜப்பானியர்கள் இதை நிலத்தடிக் கோயில் என்று அழைக்கிறார்கள். ஆயிரங்கால் மண்டபங்களைப் பார்த்த நம் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். இரண்டு பேர் அனிச்சையாகச் செருப்பைத் தேடிக் காலைப் பார்த்தார்கள். தரையில் போன வெள்ளம் விட்டுப்போன வண்டல் மெல்லியதாகப் படிந்திருந்தது.

"தூண் எதுக்கு இவ்வளவு தடிமன்?" என்று கேட்டார் பேராசிரியர். "மேல இருக்கிறது வெறும் விளையாட்டு மைதானம்தானே?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு சென்னைப் புறநகர் முடிச்சூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி சொன்னாள்: "மேலிருந்து வர்ற பளுவுக்கு இல்ல சார். கீழேருந்து தள்ளுது. நிலத்தடித் தண்ணி மேல நிக்கிற இடத்துல தொட்டி காலியா இருந்தா மிதக்கப் பாக்கும். அமுக்கிப் பிடிக்கத்தான் இந்த எடை."

"எப்படிம்மா தோணுச்சு?"

"2015 வெள்ளத்துல சார். எதிர்த்த மனையில புதுசா வீடு கட்டிட்டிருந்தாங்க. தண்ணி ரொப்பாத சம்ப் அப்படியே தரையைக் கிழிச்சுக்கிட்டு மேல வந்துடுச்சு. நான் அப்ப அஞ்சாவது படிச்சேன். மாடியில நின்னு பாத்தோம்."

பேராசிரியர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். எழுநூறு பக்கப் பாடநூலில் மேலுந்து விசை என்று ஒரு அத்தியாயம் உண்டு. அந்த அத்தியாயம் இந்தப் பெண்ணுக்குப் பத்து வயதிலேயே வந்துவிட்டது. அதே 2015 செப்டம்பரில் கான்டோ பகுதியைப் பெருமழை தாக்கியபோது இந்தத் தொட்டி வழியாகச் சுமார் 1 கோடியே 90 லட்சம் கன மீட்டர் தண்ணீரை வெளியேற்றினார்கள் என்று அங்கிருந்த ஊழியர் சொன்னதை அம்மையார் மொழிபெயர்த்தார். சென்னையில் அடையாற்று வெள்ளம் டிசம்பரில் வந்தது. பிள்ளைகள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு வருடத்தில் எத்தனை முறை தண்ணீர் வரும்? ஏறத்தாழ ஏழு முறை. வண்டலை எப்படி எடுப்பார்கள்? கூரையில் இருக்கும் திறப்பு வழியாகப் புல்டோசரை இறக்கி. செலவு? 23,000 கோடி யென். "இதை நம்ம ஊர்ல கட்டணும்" என்றான் ஒருவன். "நம்ம ஊர்ல மொதல்ல பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கட்டும்" என்றாள் இன்னொருத்தி. அந்த விவாதம் மேலே வந்து, எடோ ஆற்றங்கரைப் புல்லில் உட்கார்ந்து புளியோதரை பிரிக்கும் வரை நடந்தது. இடையில் புகுந்து முடித்து வைக்க நானும் முயலவில்லை, பேராசிரியர்களும் முயலவில்லை.

சாப்பிட்ட தாள், டப்பா எல்லாம் அவரவர் பைக்குள். 1995 மார்ச்சில் சுரங்க ரயிலில் நச்சு வாயுத் தாக்குதல் நடந்தபின் பொது இடக் குப்பைத் தொட்டிகளைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். காரணம் தெரிந்தால் பிள்ளைகள் முணுமுணுக்காமல் சுமப்பார்கள்.

இரண்டரைக்குக் கிதா செஞ்சு நிலையம் வந்தோம். இங்கேதான் பிரிவது. இதற்கு ஒப்புதல் வாங்குவது எளிதாக இருக்கவில்லை. பயணத்துக்கு முன் நடந்த கூட்டத்தில் பேராசிரியர் நேராகவே கேட்டார்: "மொழி தெரியாத ஊர்ல பிள்ளைங்களைத் தனியா விடறதா? ஒண்ணு ஆச்சுன்னா பெத்தவங்களுக்கு யார் பதில் சொல்றது?" நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவன் நானும்தான். தனியாக விடவில்லை, ஐந்து ஐந்தாக விடுகிறோம் என்றேன். ஒவ்வொரு நிலையத்துக்கும் எழுத்தும் எண்ணும் இருப்பதைக் காட்டினேன். ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவர் ஜி-19 என்று தேடி அசாகுசா வந்து சேரலாம். ஆறு வயதுக் குழந்தைகள் தோல் பையை முதுகில் மாட்டிக்கொண்டு தனியாக ரயிலில் பள்ளிக்குப் போகும் நகரம் இது என்றேன். எல்லா நகரத்திலும் இப்படிச் செய்ய மாட்டேன் என்பதையும் சொன்னேன். அது அவருக்கு நம்பிக்கை தந்தது என்று நினைக்கிறேன்.

எட்டு அணிக்கு எட்டு இடம். ஓர் அணி நிஹோன்பாஷி பாலத்துக்கு: 1911இல் கட்டிய கல் பாலத்தின் தலைக்கு மேலேயே 1964 ஒலிம்பிக்ஸுக்காக விரைவுச் சாலையைக் கட்டி வானத்தை மறைத்துவிட்டார்கள், இப்போது அந்தச் சாலையைப் பூமிக்குள் கொண்டுபோகும் வேலை நடக்கிறது. ஓர் அணி டோக்கியோ நிலையத்தின் 1914ஆம் ஆண்டுச் செங்கல் கட்டடத்துக்கு; அதன் அடியில் நிலநடுக்கத்தைத் தாங்கும் ரப்பர் தாங்கிகளைப் பின்னாளில் செருகியிருக்கிறார்கள். ஓர் அணி அகிஹாபாரா அருகே பழைய மான்செய்பாஷி ரயில் வளைவுகளுக்கு, ஓர் அணி 1923 நிலநடுக்கத்துக்குப் பின் 1928இல் கட்டிய கியோசு தொங்கு பாலத்துக்கு. ஓர் அணி உவேனோவின் ஷினோபாசு குளத்துக்கு. அதன் நடுவே கோயில் கொண்டிருக்கும் பென்டென் நம் சரஸ்வதிதான், கையில் வாத்தியம் உட்பட. முடிச்சூர்ப் பெண் இருந்த அணிக்கு நகரின் வடக்கே இவாபுச்சி மதகு.

அந்த இடத்தை நான் வேண்டுமென்றே சேர்த்திருந்தேன். 1910 வெள்ளத்துக்குப் பிறகு டோக்கியோவைக் காக்க அராகாவா ஆற்றுக்குப் புதிதாக 22 கிலோமீட்டர் வழி வெட்டினார்கள்; 1930இல் முடிந்தது. பழைய ஆறும் புதிய வழியும் பிரியும் இடத்தில் 1924இல் எழுந்தது இந்தச் சிவப்பு மதகு. பொறுப்பாக இருந்தவர் அவோயாமா அகிரா. 1911 வரை பனாமாக் கால்வாய்ப் பணியில் இருந்த ஒரே ஜப்பானியப் பொறியாளர். வேலை முடிந்தபின் வைத்த நினைவுக் கல்லில் அவர் தன் பெயரைப் போடவில்லை. அந்தப் பணியில் துன்பப்பட்ட, உயிரிழந்த கூட்டாளிகளுக்கான கல் அது. இன்று நிஷி கசாய் பகுதியில் நம் குடும்பங்கள் நிம்மதியாகத் தூங்குவதும் இந்த வெட்டாற்றின் கரைகளை நம்பித்தான். அந்த வட்டாரத்தின் பெரும்பகுதி கடல் பெருக்க மட்டத்துக்குக் கீழே இருக்கிறது.

ஜப்பானிய ஆசிரியர்களைப் போலவே நாங்களும் இடம் பிடித்து நின்றோம். மேடம் டோக்கியோ நிலையத்தின் மேற்குப் பக்கத்தில். நான் உவேனோவில் சைகோ தகாமோரி சிலையடியில், பேராசிரியர் என் பக்கத்தில். ஐந்தரைக்குள் ஒவ்வோர் அணியும் இரண்டில் ஓரிடத்தில் முகம் காட்டிவிட்டு, ஏழு மணிக்கு அசாகுசா வந்து சேர வேண்டும். மணிக்கு ஒரு முறை நிலைய எண்ணோடு படம் அனுப்ப வேண்டும். அந்த நேரம் முழுவதும் நான் எங்கும் நகர்வதில்லை. டீ குடிக்கக்கூடப் போவதில்லை. எட்டுப் பேர் அனுப்பும் படங்களுக்கு நடுவே ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே இருப்பது வெளியிலிருந்து பார்க்கச் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். நாளிலேயே கடினமான வேலை அதுதான்.

ஐந்தரைக்கு ஏழு அணி வந்துவிட்டன. இவாபுச்சி அணி வரவில்லை. பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து முப்பத்தெட்டுக்குச் செய்தி வந்தது. அந்த அணியின் தலைவன் விழுப்புரம் பக்கத்துப் பையன். தமிழ் வழியில் பள்ளி முடித்தவன். வகுப்பில் வாயைத் திறந்து பார்த்ததில்லை என்று மேடம் சொல்லியிருந்தார். தமிழில் எழுதியிருந்தான்: "அண்ணா, எதிர்ப்பக்க ரயில்ல ஏறிட்டோம். போர்டுல 'என்'ங்கிற எழுத்து வரவேண்டிய இடத்துல 'எஸ்ஆர்' வந்துச்சு. அடுத்த ஸ்டேஷன்லயே இறங்கி நிக்கிறோம். அஞ்சு பேரும் இருக்கோம். திரும்பற வண்டி தெரிஞ்சுடுச்சு. ஏறலாமா?"

நம்போகு தடம் அகாபானே இவாபுச்சியோடு முடிந்து, அதே தண்டவாளத்தில் சைதாமாவுக்குப் போகும் வேறொரு நிறுவனத்தின் தடம் தொடங்குகிறது. ரயில் நிற்காமல் தொடர்ந்து ஓடும். எண் வரிசைதான் மாறும். அவன் எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறான். "ஏறுங்க" என்று ஒரு சொல் அனுப்பினேன். பேராசிரியரிடம் செய்தியைக் காட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார்.

உவேனோவுக்கு வர வேண்டாம், நேரே வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்ததால் இடையில் கின்சா தடத்துக்கு மாறி ஜி-19இல் இறங்கி ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னதாகவே ஹோட்டல் வாசலில் நின்றார்கள். 1927இல் ஆசியாவின் முதல் சுரங்க ரயிலாக உவேனோவுக்கும் அசாகுசாவுக்கும் நடுவே ஓடத் தொடங்கிய தடம் அது. அதை அவர்களே கைப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டு வந்திருந்தார்கள். தவறி இறங்கிய நிலையத்தில் மஞ்சள் தொப்பி போட்ட பள்ளிக் குழந்தை ஒன்று கைப்புத்தகத்தின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, பேசாமல் எதிர்ப்பக்கத்தைக் கைகாட்டியதாம். "எங்களைவிடச் சின்னப் பாப்பா, அண்ணா" என்று முடிச்சூர்ப் பெண் வியந்துகொண்டே இருந்தாள்.

இரவு உணவு முடிந்தபின் எட்டு அணியும் ஹோட்டலின் கீழ்த்தளக் கூடத்தில் தாங்கள் பார்த்ததைப் பத்துப் பத்து நிமிடம் சொன்னார்கள். இவாபுச்சி அணிக்காக அந்த விழுப்புரத்துப் பையன் எழுந்தான். ஆங்கிலத்தில் தொடங்கி, இரண்டாவது வாக்கியத்தில் நின்று, மேடத்தைப் பார்த்தான். "தமிழ்லயே சொல்லுப்பா" என்றார் அவர். மதகின் ஐந்து கண்களையும், எதற்காக ஆற்றை அங்கே பிரித்தார்கள் என்பதையும், பெயரில்லாத அந்தக் கல்லையும் பற்றி அவன் இருபது நிமிடம் பேசினான். யாரும் நேரம் பார்க்கச் சொல்லவில்லை.

பதினோரு மணிக்கு அறைகளைச் சரிபார்த்து, பெற்றோர் குழுவுக்குப் படங்களை அனுப்பிவிட்டு மறுநாள் பட்டியலை எடுத்தேன். மறுநாள் ஒதாய்பா, ஷிம்பாஷியிலிருந்து ஓட்டுநர் இல்லாத யுரிகமோமே ரயில். என் திட்டத்தில் அது நாற்பது பேரும் ஒன்றாகப் போவது என்று இருந்தது. கதவைத் தட்டிப் பேராசிரியர் உள்ளே வந்தார்.

"நாளைக்கும் பிரிச்சே அனுப்பலாமா? போற வழியை அவங்களே போடட்டும். தலைவரை மட்டும் மாத்திடுங்க. இதுவரைக்கும் பேசாதவங்க யார் யாருன்னு நான் சொல்றேன்."

உட்காரச் சொல்லிவிட்டுப் பட்டியலை அவர் பக்கம் திருப்பினேன். அவர் பேனாவை எடுத்து முதல் அணியிலிருந்து பெயர்களைக் குறிக்கத் தொடங்கினார்.